இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள்: ஆபரேஷனா, வேண்டாமா? கடை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு முறை இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. 2016-ல் அம்மாவுக்கு, அப்போது வயது 66. ஆபரேஷன் செய்தோம். 2022-ல் அப்பத்தாவுக்கு, வயது 93. செய்யவில்லை. இரண்டுமே சரியான முடிவுதான் என்று இன்றும் நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வாக்கர், பெட்பான், டயப்பர் வாங்க வருகிறவர்கள் பில் போட்ட பிறகும் நகராமல் நின்று கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் கொஞ்சம் படித்தது, கொஞ்சம் பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவரைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், ஏன் என்று அவரிடம் கேளுங்கள்.

இடுப்பெலும்பு என்கிறார்களே, உண்மையில் உடைவது எது?

தொடை எலும்பின் மேல் நுனி. அதன் உச்சியில் ஒரு பந்து, அது இடுப்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அதற்குக் கீழே பருத்த பகுதி. கழுத்தில் உடைந்ததா, கீழே பருத்த பகுதியில் உடைந்ததா என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாமே அதைப் பொறுத்துத்தான். பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவை அறுந்து, பந்து பட்டுப்போகலாம். கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டம் தாராளம். அங்கே எலும்பு கூடும், ஆனால் இழுத்துப் பிடிக்க ஆள் இல்லையென்றால் கோணலாகக் கூடும்.

விழுந்த இடத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். அம்மா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தார். பெரிய அலறல் எதுவும் இல்லை. ஆனால் இடது கால் வலது காலைவிட ஒரு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து, சுண்டுவிரல் ஈரத்தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. குட்டையான கால், வெளியே திரும்பிய பாதம், இடுப்பு மடிப்பில் வலி: மூன்றும் சேர்ந்தால் தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். பலகையிலோ கெட்டியான போர்வையிலோ அப்படியே கிடத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். கைத்தாங்கலாக நடத்தி ஆட்டோவில் ஏற்றுவதுதான் நம் வழக்கம். கழுத்து முறிந்தும் விலகாமல் இருந்த எலும்பு அந்த நாலு அடியில் விலகிவிடலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் காலை ஊன்ற முடியவில்லை.

திரும்பப் போங்கள். மயிரிழை முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்புவது உண்டு. எம்ஆர்ஐ தெளிவாகக் காட்டிவிடும். அது கிடைக்காத இடத்தில் சிடி. “சுளுக்கு, தைலம் தேய்த்தால் போகும்” என்று பத்து நாள் உருவிவிட்டு வருகிறவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். தைலம் விற்பவன் நான்தான், இருந்தும் சொல்கிறேன்.

புத்தூர் கட்டு போட்டால் சரியாகாதா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கை, முழங்கால் கீழெலும்பு முறிந்து கட்டுப் போட்டுச் சரியானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதனால் நம்பிக்கை இருப்பது இயல்பு. ஆனால் கட்டு என்பதன் வேலை என்ன? முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளை அசையாமல் பிடிப்பது. இடுப்பில் அதைச் செய்ய வேண்டுமானால் வயிற்றிலிருந்து கால்வரை சேர்த்துக் கட்ட வேண்டும். எழுபது, எண்பது வயதுக்காரரை அப்படிக் கட்டிப் போட்டால் எலும்பு கூடுவதற்குள் முதுகு புண்ணாகிவிடும். தொடையைச் சுற்றி மட்டும் கட்டினால் உள்ளே இருக்கும் முறிவை அது தொடுவதே இல்லை. மாவுக்கட்டுக்கும் இதே கதைதான்.

ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிடுவார்களே, அதுவும் இப்போது கேள்விக்குள்ளாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் எடை கட்டினால் வலி குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணையை அண்டக் கொடுத்து, தொடை நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் அதைவிட நிம்மதி. அந்த ஊசி உண்டா என்று கேளுங்கள். கேட்டால்தான் சில இடங்களில் போடுகிறார்கள்.

இந்த வயதில் ஆபரேஷனைத் தாங்குவாரா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். ஆனால் இதைப் பாதிக் கேள்வி என்பேன். மீதிப் பாதி: ஆபரேஷன் இல்லாமல் படுத்துக் கிடப்பதைத் தாங்குவாரா?

ஆபரேஷன் ஆபத்து, படுக்கை பத்திரம் என்று நம் மனதில் ஒரு தராசு இருக்கிறது. உடைந்த இடுப்போடு மல்லாந்து கிடக்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வலியால் ஆழமாக மூச்சு இழுப்பதில்லை, சளி கீழே தங்கி நிமோனியா வருகிறது. அசையாத காலில் ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் நிமிஷத்தில் உயிர் போகலாம். பிட்டத்தில் இரண்டு மூன்று நாளிலேயே சிவந்து புண் தொடங்குகிறது. திரும்பிப் படுக்க முடியாது, பெட்பான் வைக்கக்கூட இடுப்பைத் தூக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முறிந்த எலும்பு ஒன்றோடொன்று உரசுகிறது. அதனால் பெரியவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்.

இந்த ஆபரேஷன் முதலில் வலிக்கு மருந்து. நடக்க வைப்பது அதற்கு அடுத்ததுதான். அதனால்தான் 80, 90 வயதிலும் இதைச் செய்கிறார்கள். வயது மட்டுமே தடை இல்லை. சுகர், பிபி, பழைய மாரடைப்பு, பேஸ்மேக்கர் எல்லாம் இருந்தும் செய்துகொண்டு வந்தவர்கள் உண்டு.

அதற்காக இது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். முறிவுக்குப் பிறகு ஓராண்டுக்குள் இறப்பவர்கள் பல நாட்டுக் கணக்குகளிலும் 20 முதல் 30 சதவீதம் வருகிறார்கள், நல்ல சிகிச்சை கிடைத்தவர்களையும் சேர்த்து. முறிவு என்பது பல நேரம் உடம்பு ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கான அறிகுறி.

எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்?

அன்றோ மறுநாளோ. பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வதும், முதியோர் மருத்துவர் வந்து பார்ப்பதும் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றும் ஆஸ்பத்திரிக்கு அரசு கூடுதல் பணமே தருகிறது.

இன்னும் வேகமாகச் செய்தால் உயிர் பிழைப்பார்களா என்று 17 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, 2,970 பேரிடம் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. ஒரு பகுதியினருக்குச் சுமார் 6 மணி நேரத்தில், மற்றவர்களுக்குச் சுமார் 24 மணி நேரத்தில் ஆபரேஷன். மூன்று மாதத்தில் இறந்தவர்கள் 9 சதவீதம், 10 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, எழுந்து நின்றதும் முன்னதாக. ஆக, ராத்திரியோடு ராத்திரியாகச் செய்யவில்லையே என்று பதற வேண்டாம். ஆனால் “எக்கோ டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்” என்று நாலு நாள் கிடத்தினால் வாயைத் திறந்து கேளுங்கள். ஃபிட்னஸ், அதாவது ஆபரேஷனுக்கு உடம்பு தாங்கும் என்ற சான்று, வாங்குவதில்தான் நம் ஊரில் நாள் போகிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலுக்காகப் பொதுவாகக் காத்திருப்பதில்லை. வார்ஃபரின் என்றால் அதன் வேகத்தை மாற்று மருந்து கொடுத்து இறக்குவார்கள். வீட்டில் நீங்களாக எதையும் நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.

கம்பியா, பந்து மாற்றமா? ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று சொல்கிறார்களே.

மேலே சொன்ன கழுத்து, கீழ்ப்பகுதி விஷயம்தான். கழுத்தில் முறிந்து விலகாமல் இருந்தால் இரண்டு மூன்று ஸ்குரூ. விலகிவிட்டால், வயதானவருக்கு அந்தப் பந்தை நம்பிப் பயனில்லை. எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள், அதுதான் பாதி மாற்று. கிண்ணத்தையும் சேர்த்து மாற்றினால் முழு மாற்று. கீழ்ப்பகுதி முறிவுக்கு பிளேட்டும் ஸ்குரூவும், அல்லது எலும்புக்குள் இறக்கும் நீளக் கம்பி.

“முழுசா மாத்துனா நல்லதா?” என்று கேட்பார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 1,495 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் முழு மாற்றில் 7.9 சதவீதம், பாதி மாற்றில் 8.3. அவ்வளவுதான் வித்தியாசம். கடைத்தெருவுக்குத் தனியாகப் போய்வரும் அறுபது வயதுக்காரருக்கு முழு மாற்று யோசிக்கலாம். வீட்டுக்குள் நடமாடும் எண்பதுக்குப் பாதி போதும். சிமெண்ட் வைத்துப் பொருத்துவதா என்பதிலும் சந்தேகம் கேட்கிறார்கள். 2022-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், வயதானவர்களுக்குச் சிமெண்ட் வைத்ததில், உலோகப் பந்தைத் தாங்கி எலும்புக்குள் இறங்கும் தண்டைச் சுற்றி மறுபடி உடைவது குறைவாக இருந்தது.

முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

எது கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2021-ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. மயக்க டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அம்மா ஏதேதோ பேசுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் அம்மா மூத்திரக் குழாயைப் பிடுங்க ஆரம்பித்தார். “கன்னு கத்துது, பால் பீச்சணும், விடுடா” என்றார். மாட்டை விற்று இருபது வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்து “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டதுதான் தாங்கவில்லை.

இது கிறுக்கு இல்லை. இந்த வயதில் முறிவு, வலி, தூக்கமின்மை, நீர் வற்றுதல், தொற்று எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்பும். மிகச் சாதாரணமாக வரும். சாயங்காலத்துக்கு மேல் கூடும். கையைக் கட்டுவதோ தூக்க ஊசி போடச் சொல்வதோ முதல் வழி ஆகாது. மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மெஷினைக் கொடுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், மலச்சிக்கலைக் கவனியுங்கள், மூத்திரக் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். பல்செட்டும் அப்படித்தான், அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. அம்மா ஐந்தாம் நாள் தெளிந்தார். சிலருக்கு வாரக்கணக்காகும். முன்பே மறதி இருந்தவர்களுக்குப் பழைய நிலை முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

எப்போது நடக்கலாம்?

மறுநாளே நிற்க வைப்பார்கள், வைக்க வேண்டும். “தையல் பிரிக்கட்டும்” என்று காத்திருந்தால் ஆபரேஷன் செய்ததன் பலனில் பாதி போய்விடும். பெரும்பாலும் முழு எடையையும் ஊன்றலாம். டாக்டர் ஊன்றக்கூடாது என்றால் எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பந்து மாற்றியவர்கள் சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, கால் மேல் கால் போடுவது வேண்டாம், பந்து கழன்றுகொள்ளலாம். தரைக் கழிப்பறை உள்ள வீட்டில் டிஸ்சார்ஜுக்கு முன்பே கமோடு நாற்காலி வந்துவிட வேண்டும். அம்மாவுக்குக் குனிந்து கோலம் போடுவது அத்தோடு போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து மருமகளை மிரட்டிப் போட வைப்பது மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

வெறும் கஞ்சி, இட்லியில் சதை தேறாது. முட்டை, பருப்பு, பால், மீன், எது இறங்குமோ அது தினமும்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுப்பது எப்போது சரி?

விழுவதற்கு முந்தைய மாதம் அவர் எப்படி இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். தானாக எழுந்து நடந்தாரா? சாப்பாட்டை ரசித்தாரா? ஆளை அறிந்தாரா? இல்லை, படுக்கையும் நாற்காலியுமாக, எடை குறைந்துகொண்டே, நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தாரா? கடைசிக் கட்டப் புற்றுநோய், பால் குடிக்கக்கூட மறந்த மறதி நோய், மூச்சுக்கே திணறும் இதயம், இப்படி வாழ்க்கை முடிவுக்கு வந்துகொண்டிருந்தவருக்கு முறிவு என்பது கடைசி அத்தியாயம். அங்கே ஆபரேஷன் கட்டாயம் இல்லை.

நெதர்லாந்தில் இதை நேராகவே ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். பராமரிப்பு இல்லங்களில் இருந்த, 70 வயது தாண்டிய, மிகவும் தளர்ந்த 172 பேர். டாக்டர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியதில் 88 பேர் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள், 84 பேர் செய்துகொண்டார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள், செய்யாதவர்களில் 83 சதவீதம், செய்தவர்களில் 25. எண்ணைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போடும். ஆனால் அவர்கள் அளந்தது நாட்களின் எண்ணிக்கையை மட்டும் அல்ல, அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதை. அதில் ஆபரேஷன் செய்யாதவர்கள் பின்தங்கவில்லை. குடும்பங்களும் பெரும்பாலும் மனநிறைவோடு இருந்தன.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்பவர் பெரும்பாலும் சில வாரங்களில் விடைபெறுவார் என்று தெரிந்தே வேண்டாம் என்க வேண்டும். அப்புறம், அந்த வாரங்களில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள முழு ஏற்பாடு வேண்டும். செலவுக்குப் பயந்தோ, “இத்தனை வயசாச்சு” என்றோ சும்மா வீட்டுக்குத் தூக்கி வருவதும் இதுவும் ஒன்றல்ல. நடமாடிக்கொண்டிருந்த எழுபத்தைந்து வயதுக்காரரை அப்படிக் கிடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆபரேஷன் இல்லாமல் எலும்பு கூடவே கூடாதா?

இடத்தைப் பொறுத்து. கழுத்தில் முறிந்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட முறிவு தானாகக் கூடலாம், ஆனால் கணிசமானவர்களுக்குப் பாதியில் விலகிவிடும். அதனால்தான் ஸ்குரூ போடுகிறார்கள். விலகிய கழுத்து முறிவு கூடுவது அரிது. கீழ்ப்பகுதி முறிவு இரண்டு மூன்று மாதத்தில் கூடும், கால் குட்டையாகி வெளியே திரும்பியபடி. முன்பெல்லாம் அப்படித்தான் விந்தி விந்தி நடந்த பாட்டிகள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். எத்தனை பேர் அந்த மூன்று மாதத்தைத் தாண்டவில்லை என்பதை யாரும் எண்ணவில்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். வீட்டில் எப்படிப் பார்ப்பது?

அப்பத்தாவை நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் வலி. பாராசிட்டமால் வலி வந்தபின் அல்ல, நேரத்துக்கு. அது போதவில்லை, மார்ஃபின் தேவைப்பட்டது. என் கடையில் மார்ஃபின் விற்க முடியாது. அதற்கு அங்கீகாரம் உள்ள மருத்துவமனையில், வலி நிவாரண சிகிச்சைப் பிரிவில் எழுதி வாங்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்திய பிறகு அந்த நடைமுறை எளிதாகியிருக்கிறது. மார்ஃபின் தொடங்கினால் மலமிளக்கியும் கூடவே தொடங்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தினமும் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் தாங்காது.

திருப்பிப் படுக்க வைப்பதுதான் பெரிய வேலை. பழைய கைத்தறிச் சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவிடுவோம். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் சேலையைச் சுருட்டிப் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு” சொல்லி ஒரே சீராக நகர்த்துவோம். ஆளை இழுக்கக்கூடாது, சேலையைத்தான் தூக்க வேண்டும். கால்களுக்கு நடுவே தலையணை. அசைப்பதற்கு அரைமணி முன்னால் மருந்து. காற்று மெத்தை போட்டிருந்தாலும் இரண்டு மணிக்கொரு தரம் திருப்புவது தப்பக்கூடாது. வலி அடங்கியிருந்த நாட்களில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். பால்சோறு நாலு வாய் போயிற்று. பத்தொன்பதாம் நாள் விடியக்காலையில் போய்ச் சேர்ந்தார். முதுகில் புண் இல்லை.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

யார் முடிவெடுப்பது? அண்ணன் ஒன்று சொல்கிறான், அமெரிக்காவில் இருக்கும் தங்கை ஒன்று சொல்கிறாள்.

முதலில், சுயநினைவோடு இருக்கும் பெரியவரை யாராவது கேட்டீர்களா? வெளியே வராந்தாவில் ஆறு பேர் நின்று விவாதிப்பார்கள், உள்ளே ஆத்தா விழித்துக்கொண்டு படுத்திருப்பார். அவரால் சொல்ல முடியாவிட்டால், “அவர் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்” என்று கேட்டுப் பாருங்கள். தூரத்தில் இருப்பவரை டாக்டரோடு நேராகப் போனில் பேச வையுங்கள். குற்ற உணர்ச்சியில் எடுக்கும் முடிவுகள் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

செலவு?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள். தனியாரில் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அந்த ஆஸ்பத்திரி அந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்பதை அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உடையுமா?

உடையலாம், ஒரு முறை உடைந்தவருக்கு வாய்ப்பு அதிகம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு பலவீனம் என்றுதான் பொருள். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். அம்மாவை டிஸ்சார்ஜ் செய்தபோது சீட்டில் கால்சியம் மாத்திரை மட்டும் இருந்தது. மருந்துக்கடைக்காரன் நானே அதை அப்படியே எடுத்துக் கொடுத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். கால்சியமும் வைட்டமின் டியும் தேவைதான், அவை மட்டும் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து தனியே உண்டு. வாரம் ஒரு மாத்திரை இருக்கிறது: வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட். இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆன 90 நாளுக்குள் அதைக் கொடுக்கத் தொடங்கிய ஆய்வு 2007-ல் வந்தது: புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகமும் வைட்டமின் டி அளவும் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். முதல் தடவை ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் அடிக்கலாம்.

அம்மாவுக்கு அதை ஐந்து மாதம் கழித்துத்தான் போட்டோம். அதே வாரம் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சொரசொரப்பான சிமெண்ட் பூசினேன், கழிப்பறைச் சுவரில் கைப்பிடி அடித்தேன், ராத்திரிக்கு ஒரு சின்ன பல்பு. தூக்க மாத்திரையை டாக்டரிடம் சொல்லி நிறுத்தினோம். பிளாஸ்டிக் செருப்பை மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறார்.